மருத்துவக் கல்விக்கு உயில் எழுதி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் அறக்கட்டளைக் கோப்புகளைப் பல வருடம் பார்த்தவள். ஓய்வுபெற்ற டாக்டர், பிள்ளையில்லாத பள்ளி ஆசிரியை, அந்த ஆஸ்பத்திரியில் மனைவியைப் பறிகொடுத்த கடைக்காரர் என்று யாராவது ஒருவர், "நான் போன பிறகு கொஞ்சம் பணம் அந்தப் பிள்ளைகளுக்குப் போகட்டும்" என்று உயிலில் எழுதியிருப்பார். அந்தக் காகிதம் எங்கள் மேஜைக்கு வரும்போது எழுதியவர் இருக்க மாட்டார். "ஐயா, நீங்கள் நினைத்தது இதுவா அதுவா?" என்று கேட்க வழியில்லாமல் எத்தனையோ நல்ல மனசு கோப்புக்குள் முடங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போதே கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இவை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்துச் சொன்னவை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் பெரிய பணக்காரர்கள் செய்வதுதானே?

பணக்காரர்கள் செய்திருக்கிறார்கள், உண்மைதான். கோயம்புத்தூரில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகளும் சொத்தைப் பிரித்தபோது, நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு. அப்படி 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம்தான் 1985-இல் மருத்துவக் கல்லூரியும் ஆரம்பித்தது.

ஆனால் எங்கள் கோப்புகளில் பாதிக்கு மேல் சாதாரண மனிதர்களுடையவை. ஒரு பென்ஷன்காரர் விட்டுச்சென்ற பிக்சட் டெபாசிட்டின் வட்டியில் வருடத்துக்கு ஒரு மாணவிக்குப் பாடப் புத்தகங்களும் ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கிக் கொடுத்துவந்தோம். முதல் வருடம் அதை வாங்க வந்த பெண், கவுண்டரிலேயே பெட்டியைப் பிரித்துக் காதில் மாட்டித் தன் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லையே என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

உயிலில் எந்தப் பெயரை எழுத வேண்டும்?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "மெடிக்கல் காலேஜுக்கு" என்று எழுதினால் போதாது. பணத்தை வாங்கிக்கொள்ளவும் ரசீது கொடுக்கவும் சட்டப்படி தகுதி உள்ள அமைப்பின் பெயர் வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அது அரசின் ஒரு நிறுவனம். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் டீன் நடத்துகிறார். தனியார் கல்லூரி என்றால் பின்னால் ஒரு அறக்கட்டளையோ சங்கமோ இருக்கும். பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் உருவானது, அதற்குச் சொந்தப் பெயரில் சொத்து வாங்கும் உரிமை உண்டு. முன்னாள் மாணவர் சங்கம் பதிவுபெற்றிருந்தால் அதற்கும் கொடுக்கலாம், ஆனால் அது கல்லூரிக்குக் கொடுப்பது ஆகாது.

இதில் வயதானவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-இலிருந்து இருக்கிறது. அங்கே படித்த மூத்த டாக்டர்களின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வந்த பிறகு, மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிகள் அதன்கீழ் போய்விட்டன. ஆக, பழைய நினைப்பில் "நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு, மருத்துவ மாணவர்களுக்காக" என்று எழுதினால், பணம் ஒரு இடத்துக்கும் மாணவர்கள் இன்னொரு இடத்துக்குமாக ஆகிவிடும். டீன் அலுவலகத்துக்கோ பல்கலைக்கழகப் பதிவாளருக்கோ ஒரு கடிதம் போட்டு, "உயிலில் எந்தப் பெயர், எந்த முகவரி எழுத வேண்டும்?" என்று கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை அப்படியே வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

பணம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று நான் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கொஞ்சம் தளர்த்திச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். மகன் பெயரிலோ கணவர் பெயரிலோ, உடற்கூறு இயலில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்குத் தங்கப் பதக்கம் என்று எழுதிப் பத்தாயிரம் ரூபாய் வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இன்று ஏழு சதவீத வட்டி என்றாலும் வருடத்துக்கு 700 ரூபாய்தான். அதில் தங்கம் எங்கே வாங்குவது? வெள்ளியில் செய்து முலாம் பூசினோம். அதற்கும் போதாமல் போனபோது சான்றிதழ் மட்டும் அச்சடித்துக் கொடுத்தோம். உயிலில் "தங்கப் பதக்கம்" என்று மட்டும் இருந்ததால் அந்த வட்டியை வேறு எதற்கும் தொட முடியவில்லை. "பதக்கமாகவோ, பரிசுத் தொகையாகவோ, புத்தகமாகவோ" என்று மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் போதும்.

உதவித்தொகையிலும் இதே கதைதான். "ஏழை மாணவரின் கல்விக் கட்டணத்துக்கு மட்டும்" என்று பலர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 2020-இலிருந்து நீட் எழுதித் தேறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் கட்டணமே பிரச்சினையில்லை. அவர்களுக்கு நெருக்கடி மெஸ் பில்லில், புத்தகத்தில், பரீட்சை முடிந்து ஊருக்குப் போய்வரும் பஸ் காசில், அப்புறம் முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில். "கட்டணத்துக்கு மட்டும்" என்ற அந்த ஒரு சொல், பணத்தை அந்தப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைத்துவிடுகிறது.

இன்னொன்று. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருடம், அதன்பின் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். முதல் வருடம் மட்டும் உதவி செய்து நடுவில் விட்டுவிடுவதைவிட, ஒரே மாணவருக்குக் கடைசிவரை கொடுப்பது நல்லது என்பது என் அனுபவம். குறைவான பேருக்கு, ஆனால் முழுதாக.

எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரி கொடுக்க முடியுமா?

இந்த மாதிரி: "என் இறுதிச் செலவுகளும் கடன்களும் போக எஞ்சும் சொத்துக்களில் நூற்றுக்குப் பத்துப் பங்கை, இன்ன முகவரியிலுள்ள இன்ன பல்கலைக்கழகத்துக்கு, இன்ன கல்லூரியில் மருத்துவம் பயிலும் வசதி குறைந்த மாணவ மாணவியரின் படிப்பு மற்றும் வாழ்க்கைச் செலவுக்காகக் கொடுக்கிறேன். இந்த நோக்கம் நிறைவேற்ற முடியாததாகவோ தேவையற்றதாகவோ ஆகும் காலத்தில், இதற்கு மிக நெருங்கிய வேறொரு மருத்துவக் கல்வி நோக்கத்துக்குப் பல்கலைக்கழகம் இதைப் பயன்படுத்தலாம்."

இரண்டாவது வாக்கியத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், நோக்கத்தை மாற்றுவதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். சிறு தொகைக்காக எந்த அலுவலகமும் அவ்வளவு தூரம் போவதில்லை. பணம் வங்கியிலேயே உறங்கும்.

குறிப்பிட்ட தொகை எழுதுவதா, சதவீதமா?

சதவீதம்தான் நல்லது என்பேன். இன்று ஐந்து லட்சம் என்று எழுதி, நீங்கள் இன்னும் 25 வருடம் நன்றாக வாழ்ந்தால் (வாழ வேண்டும்), அந்த ஐந்து லட்சத்துக்கு அன்று என்ன மதிப்பு இருக்கும்? விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினாலே சுமார் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். அதே காரணத்தால், "முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடவும்" என்று எழுதும்போது, "வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவும்" என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சொத்து எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். உலகத்தில் மருத்துவக் கல்விக்காக எழுதப்பட்ட உயில்களில் மிகப் பெரிய பெயர் பெற்றது அமெரிக்காவின் பால்டிமோர் நகர வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எழுதியது. 1873-இல் அவர் இறந்தபோது சுமார் 70 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் பாதிப் பாதியாக விட்டுச் சென்றார். பல்கலைக்கழகத்தின் பங்கில் பெரும்பகுதி ஒரே ரயில்வே கம்பெனியின் பங்குகள். அந்தக் கம்பெனி ஈவுத்தொகையை நிறுத்தியதும் கையில் காசில்லை. மருத்துவமனை 1889-இல் திறந்துவிட்டது, மருத்துவப் பள்ளி திறக்கவில்லை. கடைசியில் மேரி காரெட் என்ற பெண்மணியும் அவரது தோழிகளும் பணம் திரட்டினார்கள். அப்படியும் பற்றாமல் போன மூன்று லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் காரெட்டே கொடுத்தார். ஆண்களுக்கு உள்ள அதே விதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. 1893-இல் பள்ளி திறந்த அன்றே பெண்களும் வகுப்பில் இருந்தார்கள். நிபந்தனை என்று போட்டால் இப்படிப் போட வேண்டும்: கதவை அகலமாகத் திறக்கும் நிபந்தனை. "எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று எழுதுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

வீட்டை எழுதி வைக்கலாமா?

எழுதலாம். ஆனால் கல்லூரிக்கு வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. குடியிருப்பவரைக் காலிசெய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும், பட்டா மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் அங்கே ஆள் கிடையாது. "நிறைவேற்றுநர் வீட்டை விற்று, வரும் தொகையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்று எழுதுங்கள். (நிறைவேற்றுநர் என்பவர், உயிலில் உள்ளபடி செய்து முடிக்க அதிலேயே நீங்கள் பெயர் குறிப்பிடும் ஆள்.) மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டுமா? பதிவு செய்தே ஆக வேண்டுமா?

இரண்டுமே கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் கையால் எழுதினாலும் உயில் உயில்தான். சுயநினைவோடு, 18 வயது நிரம்பியவர் கையெழுத்திட வேண்டும். அதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் "இது அவர் கையெழுத்தே இல்லை" என்ற பேச்சு எழுந்தால் அது கைகொடுக்கும். வெளியே தெரிய வேண்டாம் என்றால், உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. சென்னையில் உயிலை நிறைவேற்ற நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்குவது நெடுங்காலமாகக் கட்டாயமாக இருந்தது. உங்கள் விஷயத்தில் இப்போது அது தேவையா என்று வழக்கறிஞரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

டெபாசிட்டுக்கு என் தம்பி மகனை நாமினி போட்டிருக்கிறேன். உயிலில் கல்லூரிக்கு என்று எழுதினால்?

வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் நாமினி அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டியவர். உயிலில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரியவர். பங்குகள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023-இல் இதையே சொன்னது. சட்டம் இப்படி இருந்தாலும், கைக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலைமை வந்தால் உறவு கெடும். தம்பி மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இப்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் வழக்குப் போட்டால்?

போடலாம். பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதிவைத்து இறந்தார். பெரும் பணம், பெரும்பாலும் கோயில் காரியங்களுக்கும் தருமங்களுக்கும் என்று எழுதியிருந்தார். குடும்பச் சண்டை, வழக்கு என்று பல பத்து வருடங்கள் ஓடின. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் தலையிட்டு, நீதிமன்ற உத்தரவின்படி உபரிப் பணம் கல்விக்குத் திரும்பி, சென்னையில் பள்ளி திறந்தபோது 1842. அவர் இறந்து 48 வருடம். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரியானது.

வழக்கைத் தவிர்க்கச் சில காரியங்கள் செய்யலாம். கல்லூரிக்குக் கொடுப்பது ஏன் என்று உயிலிலேயே இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள், முன்பே என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மனநிலை தெளிவாக இருந்தது என்று ஒரு டாக்டரிடம் சான்று வாங்கி இணையுங்கள். முக்கியமாக, அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே அட்மிட் ஆகிப் படுத்திருக்கும்போது அந்தக் கல்லூரிக்கு உயில் எழுத வேண்டாம். அங்கே வேலை பார்ப்பவர் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். எவ்வளவு மனப்பூர்வமாக எழுதினாலும் பின்னால் பார்ப்பவர் கண்ணுக்கு அது வற்புறுத்தல் போலத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட, பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்வது பெரிய பாதுகாப்பு. ஒரு குடும்பத்தில் அப்பா சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லியிருந்தார்: "வீடு உங்களுக்கு, டெபாசிட் காலேஜுக்கு." அவர் காரியம் முடிந்த மறுவாரமே மகளும் மகனும் சேர்ந்து அந்த ரசீதை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எல்லாச் சொத்தையும் எல்லா மதத்தவரும் எழுதிவைக்க முடியுமா?

சுயசம்பாத்தியத்தை இந்துக்கள் முழுதாக எழுதலாம். பூர்விகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும் எழுதலாம், மற்றவர் பங்கில் கைவைக்க முடியாது. முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல், கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு தடை இருந்தது: நெருங்கிய உறவினர் இருந்தால், தருமத்துக்கு எழுதும் உயிலை இறப்புக்குக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். அந்தப் பிரிவு செல்லாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இன்றும் சில பெரியவர்கள் அந்தப் பழைய விதியை நினைத்துத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

வரிச் சலுகை உண்டா?

இந்தியாவில் 1985-இலிருந்து எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி) கிடையாது, ஆகவே உயிலால் மிச்சமாகும் வரியும் இல்லை. வருமான வரியில் 80ஜி என்று நாம் சொல்லும் சலுகை, உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் நன்கொடைக்குத்தான், அதுவும் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. முடிந்தால் ஒரு சிறு தொகையை இப்போதே கொடுத்துப் பாருங்கள். கல்லூரி அதை எப்படிக் கையாள்கிறது, கணக்குக் காட்டுகிறதா, கடிதத்துக்குப் பதில் போடுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெரிய தொகையை உயிலில் எழுதலாமா என்று அதன்பிறகு முடிவு செய்யலாம்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். படித்த கல்லூரிக்கு எழுத முடியுமா?

இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நிதி. தனியார் கல்லூரி அதைப் பெற மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இருக்க வேண்டும், பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் பிரதான கிளையில் அதற்கென்று தொடங்கிய கணக்குக்குத்தான் வர முடியும். கல்லூரியிடம் முதலில் இதைக் கேளுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே மரணத்துக்குப் பின் சொத்துக்கு 40 சதவீதம் வரை வரி உண்டு, தருமத்துக்குப் போகும் தொகைக்கு வரி இல்லை. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து அந்தச் சலுகை பிரிட்டனில் உள்ள அறநிறுவனங்களுக்கு மட்டும்தான். வேலூர் சி.எம்.சி. போன்ற சில கல்லூரிகளுக்கு வெளிநாடுகளில் துணை அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கொடுக்கலாம்.

எழுதிவைத்தால் என் பேரனுக்கு சீட் கிடைக்குமா?

கிடைக்காது. நீட் மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான் வழி. சீட்டுக்காகக் கொடுப்பது நன்கொடை அல்ல, தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கும் கட்டாய நன்கொடை.

பணம் இல்லை. என் உடலைக் கொடுக்க விரும்புகிறேன். உயிலில் எழுதலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் எழுந்து நின்று வணங்கியிருக்கிறேன். முதல் வருட மாணவர்கள் உடற்கூறு படிப்பது இந்த உடல்களில்தான். பல கல்லூரிகளில் முதல் நாள் அந்த மேஜையின் முன் நின்று உறுதிமொழி எடுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கத்தியைத் தொடுகிறார்கள். மேற்கு வங்கத்தின் முன்னாள் முதலமைச்சர் ஜோதி பாசுவின் உடல் 2010-இல் கொல்கத்தாவிலும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-இல் டில்லி எய்ம்ஸிலும் இப்படித்தான் ஒப்படைக்கப்பட்டன.

ஆனால் உயிலில் எழுதினால் பயனில்லை. உயிலை எடுத்துப் படிப்பது காரியமெல்லாம் முடிந்த பிறகு. அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு இயல் துறைக்கு நேரில் போய்ப் படிவம் வாங்குங்கள். அதில் உங்கள் கையெழுத்தோடு குடும்பத்தாரின் கையெழுத்தும் இருக்கட்டும். கடைசியில் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்கள் மனது வைக்காவிட்டால் படிவத்தால் ஆவது ஒன்றுமில்லை. விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்று நோய்கள் இருந்தவர்களின் உடலையும் பொதுவாக வாங்க மாட்டார்கள். கண்ணை மட்டும் ஆறு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டு, அதன்பின் உடலையும் கொடுக்கலாம்.

துறையின் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். எண் மாறிவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தத் துறைக்கு ஒரு போன் போடுவார்.